சந்நிதியானுக்கு ஒரு மொட்டை

நீர்வேலி தாண்டியதும் காரின் வைப்பர் நின்றுவிட்டது. மழைக்கு மட்டும் நிற்கிற எண்ணமே இல்லை.

"சனியன்!" என்று சுபாஸ்கரன் டாஷ்போர்டில் ஓங்கிக் குத்தினான். பின் சீற்றில் தாயின் மடியில் அப்போதுதான் கண்ணயர்ந்த பிள்ளை திடுக்கிட்டு எழும்பி வீரிட்டுக் கத்தியது.

"இஞ்சருங்கோ, மெல்லமா. இப்பதான் நித்திரையானவன்," என்றாள் அவன் மனைவி சிவகௌரி.

"நானோ எழுப்பினனான்? வைப்பரெல்லோ நிண்டது!"

"வைப்பர் சத்தம் போடேல்லையே."

"ஓம், நான்தான் சத்தம் போடுறனான்! இந்த வீட்டில எல்லாத்துக்கும் நான்தான்!"

அது வீடு இல்லை, கார் என்று எடுத்துச் சொல்ல அங்கே ஒருவருக்கும் துணிவு வரவில்லை. முன் சீற்றில் மாமனார் சீவரத்தினம் தேங்காயும் கற்பூரமும் வைத்த பையை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

இன்றைக்கே தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் வாசலில் பிள்ளைக்கு முடி இறக்கியாக வேண்டும். முதல் வயதுக்குள் இறக்குவதாக நேர்த்திக்கடன். நாளைக்கு மார்கழி பிறந்துவிடும், மார்கழியில் இந்தக் காரியம் செய்வதில்லை. தை வரை பொறுத்தால் பிள்ளைக்கு ஒரு வயது கடந்துவிடும். இன்றைக்கும் உச்சிப் பூசைக்கு முன் போய்ச் சேராவிட்டால், இந்த மழையில் முடி இறக்குகிறவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

பிள்ளைக்கு நாற்பதாம் நாளில் காய்ச்சல் வந்ததே, அதற்குத்தான் நேர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று சுபாஸ்கரன் கேட்காமலே விளங்கிக்கொண்டான். கேட்டு விளங்கிக்கொள்கிற பழக்கம் அவனிடம் இல்லை.

"புத்தூர்ச் சந்தியில கார் திருத்துற கறாச் ஒண்டு இருக்கு. காட்டிப்போட்டுப் போவமே?" என்றாள் சிவகௌரி.

"எனக்குத் தெரியும்!"

அவன் வாயில் இந்தச் சொல் வந்துவிட்டால் அதற்குப் பிறகு அந்தக் காரியம் உருப்பட்டதாகச் சரித்திரம் கிடையாது. கொட்டுகிற மழைக்குள் இறங்கினான். வைப்பரைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தான். அது கையோடு வந்தது. வாழைத் தோட்டத்துக்குள் எறியக் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே ஒரு கணம் நின்றது. பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, வைப்பரைக் கொண்டுவந்து மாமனாரின் காலடியில் போட்டான்.

சிவகௌரி பின்னால் இருந்து தகப்பனின் தோளை மெல்லத் தொட்டாள். சீவரத்தினம் தலையை ஆட்டினார்.

"என்ன தலையாட்டல், மாமா?"

"ஒண்டுமில்லைத் தம்பி. குளிருது."

இருவரும் சேர்ந்து தன்னைப் பகிடி பண்ணுகிறார்கள் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி ஓட்டினான். றோட்டு தெரிந்தது. ஆனால் வெளியே பெய்த மழையில் பாதி உள்ளே வந்து, அவனுக்குப் பின்னால் இருந்த பிள்ளையின் மேல் அடித்தது.

"ஐயோ, பிள்ளை நனையுது! கண்ணாடியை ஏத்துங்கோ!"

கோபத்தோடு சுழற்றினான். கைப்பிடி கழன்று மடியில் விழுந்தது. கண்ணாடி இறங்கினபடியே கிடந்தது.

"கண்டறியாத கார்! கண்டறியாத மழை! கண்டறியாத நேர்த்தி!"

"நேர்த்தியைப் பேசாதையுங்கோ!" சிவகௌரிக்கும் கோபம் வந்துவிட்டது. "பிள்ளையைச் சுத்தின துவாயும் நனைஞ்சு போச்சு. பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கப்போகுது."

"அப்ப குடையை விரிச்சு என்ரை பக்கம் பிடியுமன்! அதையும் நானே சொல்லவேணுமோ?"

"காருக்குள்ளயோ?"

"விசர்க் கதை கதையாதையும்! விரியும்!"

விரித்தாள். மழை உள்ளே வருவது உண்மையிலேயே நின்றது. அச்சுவேலி வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் கார் குலுங்கியது, குடைக்கம்பி அவன் காதுக்குள் குத்தியது, அவன் "ஆ!" என்று ஸ்ரேறிங்கை வெட்டினான், கார் இடப்பக்கச் சில்லுகள் இரண்டையும் வாய்க்காலுக்குள் விட்டுக்கொண்டு சரிந்து நின்றது.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிட்டுச் சரிந்த உலகத்தைப் புதினமாகப் பார்த்தது.

எதிர்த் தேத்தண்ணிக் கடையில் நின்ற பெடியள் மூன்று பேர், கேட்காமலே, நனைந்துகொண்டு ஓடிவந்தார்கள். பின்னால் பிடித்துத் தள்ளினார்கள். கார் அசைந்தது. இன்னொரு தள்ளுத் தள்ளினால் ஏறியிருக்கும். இந்த மனிசன் அந்த ஒரு நிமிடம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்.

"பேயன் மாதிரிப் பிடிக்காதை! கீழை பிடி! உங்களுக்கெல்லாம் சோறுதானே போட்டு வளர்த்தவை?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள். கார் முன்னிலும் ஆழமாகப் போய் இருந்தது. பெடியள் கடைக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தேத்தண்ணியைக் குடித்தார்கள்.

சிவகௌரி பிள்ளையோடு இறங்கி, வந்த ஓட்டோவை மறித்து ஏறினாள். தகப்பன் பையோடு ஏறினார். சுபாஸ்கரனும் திட்டிக்கொண்டே ஏறினான்.

ஓட்டோக்காரப் பெடியன் டிலக்ஷன் தண்ணீர் நின்ற றோட்டில் பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

"டேய் தம்பி, மாட்டு வண்டிலோ ஓட்டுறாய்? பூசை முடியப்போகுது!"

"பிள்ளை இருக்கு அண்ணை. தண்ணிக்குள்ள பள்ளம் தெரியாது."

"எனக்குப் பள்ளம் காட்டுறியோ? லைசென்ஸ் ஆர் தந்தது உனக்கு?"

டிலக்ஷன் ஓட்டோவை ஓரமாக நிறுத்தினான். அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இருக்கவில்லை. அதுதான் சுபாஸ்கரனுக்கு இன்னும் கோபமாக இருந்தது.

"அக்காவும் பிள்ளையும் ஐயாவும் இருக்கட்டும். நீங்கள் இறங்கி நடவுங்கோ அண்ணை. கிட்டத்தான்."

"சிவகௌரி, நீர் இறங்கும்!"

"பிள்ளை நனையும்," என்றாள் அவள்.

ஓட்டோ போய்விட்டது. நடு மழையில் நின்ற சுபாஸ்கரன் றோட்டோரத்தில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கினான். நல்ல பாரமான கல். கையில் வைத்துக்கொண்டு ஓட்டோவின் முதுகைப் பார்த்தான். பிறகு, "போ, போய்த் துலை!" என்று கல்லைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு நடந்தான். ஓட்டோவின் பின்பக்கத்தால் தகப்பனும் மகளும் எட்டிப் பார்த்துக்கொண்டு போவது தெரிந்தது. சிவகௌரி சிரித்தாளா? சிரித்தாள். இதை அவன் சாகும் வரைக்கும் மறக்கப்போவதில்லை.

அவன் கோயில் வாசலுக்குப் போகும்போது உச்சிப் பூசை மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. கப்பூகர் எனப்படும் பூசகர் வாயைத் துணியால் கட்டி, மந்திரம் சொல்லாமல் பூசை செய்கிற கோயில் அது. சனமெல்லாம் கைகூப்பிக்கொண்டு மூச்சுக்காட்டாமல் நின்றது. வெளியே, கொட்டிலுக்குள், முடி இறக்குகிறவர் கத்தியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சிவகௌரி பிள்ளையோடு கெஞ்சியபடி நின்றாள்.

"தகப்பன்ரை மடியில இருத்தித்தான் இறக்கவேணும். இன்னும் கொஞ்சம் பாருங்கோ அண்ணை."

"எவ்வளவு நேரமம்மா பாக்கிறது? தகப்பன் வாற மாதிரித் தெரியேல்லை."

"வந்திட்டன்!" என்று சுபாஸ்கரன் கத்தின கத்தலில் பூசை பார்த்துக்கொண்டிருந்த சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அதுக்குள்ள பையைக் கட்டிப்போட்டீரோ? பிள்ளையோட ஒரு குடும்பம் மழைக்குள்ள செத்துச் செத்து வருது, உமக்குப் பொறுக்கேலாதோ? எடும் கத்தியை!"

முடி இறக்குகிறவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது, காதோரம் குடைக்கம்பிக் கீறல், காலில் ஒரு செருப்பு. அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பையை அவிழ்த்து, பலகையைப் போட்டார்.

"சந்நிதியான் வாசலில சத்தம் போடாதையுங்கோ தம்பி. இருங்கோ."

சுபாஸ்கரன் மூச்சிரைக்கச் சப்பணமிட்டு இருந்தான். பிள்ளையை மடியில் வாங்கினான். பிள்ளை அவன் ஈர மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அவன் பிள்ளையை இன்னும் கிட்ட இழுத்து அணைத்தான், குளிருக்குத்தான் என்று அவனே நினைத்துக்கொண்டான்.

"இந்த மழைக்குள்ள இப்பிடி அடிச்சுப் பிடிச்சு வாறதெண்டால் பெரிய நேர்த்தியாத்தான் இருக்கும்," என்றார் முடி இறக்குகிறவர், பிள்ளையின் தலையில் தண்ணீர் தடவியபடி. "பிள்ளைக்குக் கடும் வருத்தமோ?"

"நாற்பதாம் நாள் காய்ச்சல்! உயிர் தப்பினதே பெரிய காரியம்! சொல்லுமன் சிவகௌரி, வாய் இல்லையோ உமக்கு?"

சிவகௌரி தன் கால் விரலைப் பார்த்தாள். வழி முழுக்கக் குளிருது என்பதைத் தவிர வாய் திறக்காமல் வந்த சீவரத்தினம் கற்பூரப் பையைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் சந்தோசமாக, முடி இறக்குகிறவரைப் பார்த்துச் சொன்னார்:

"காய்ச்சல் மருந்தோடையே மாறிப்போச்சுது, இது, பிள்ளை பிறந்தாப்பிறகு மருமோன்ரை கோவம் பாதியாக் குறையவேணுமெண்டு எங்கடை ஒழுங்கையில இருக்கிற சனம் முழுக்கச் சேந்து வைச்ச நேர்த்தி, குறைஞ்சிட்டுதெல்லோ!"