புளியங்கொட்டைப் போக்கர்

என் வீட்டுக்காரர் மகாதேவன் தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். சீசன் ஞாயிறுகளில் ஐந்தருவித் தகவல் மையத்தில் யார் உட்காருவது என்று அவர் முறை போட்டால், உடனே மேலிடத்துக்கு மனு போகும். சென்னைப் பயிற்சி வகுப்பில், போக்கர் சீட்டாட்டம் நிர்வாகத் திறனை வளர்க்கும் என்றார்களாம். திரும்பி வந்தவர், ‘பொதுநலன் கருதி’ ஓர் ஆணையிட்டார். மதிய இடைவேளையில் காசுக்குப் பதில் புளியங்கொட்டை கட்டிப் போக்கர். கொட்டை தீர்ந்தவருக்கு ஞாயிறு ட்யூட்டி.

அந்த வார ஞாயிறுதான் எங்கள் மகள் ஸ்ரீமதியைப் பெண் பார்க்கச் சுரண்டையிலிருந்து வருகிறார்கள். அப்பா வீட்டில் இல்லாமல் எப்படி? குற்றாலநாதரை வேண்டி விளக்கேற்றிவிட்டுத்தான் அவரை அனுப்பினேன்.

முதல் ஆட்டத்தில் அவர் கையில் உருப்படியான சீட்டு ஒன்றுமில்லை. கோப்பில் கையெழுத்துப் போடும் முகத்தோடு ஒரு பிடி கொட்டையைத் தள்ளினார். பயிற்சிப்படி எதிராளிகள் பயந்து சீட்டைக் கவிழ்த்திருக்க வேண்டும்.

“பாத்துருவோம் சார்” என்றார் கிளார்க் பாண்டித்துரை.

“நானும்” என்றார் டைப்பிஸ்ட் ஷமீம் பானு.

“பயமா இல்லையா மேடம்?”

“கவுத்துட்டா உங்க கையில என்ன இருந்துச்சுன்னு தெரியாமலே போயிருமே சார். உறக்கம் வராதே.”

அந்தப் பிடி கொட்டை போயிற்று. சென்னைப் பயிற்றுநருக்குப் போன் போட்டார்.

“சும்மா விளையாட வந்தவங்ககிட்ட பயங்காட்டுறது பலிக்காது சார். நல்ல சீட்டு வர்ற வரைக்கும் சும்மா இருங்க. வந்ததும் மொத்தத்தையும் தள்ளுங்க.”

சும்மா இருப்பதில் அவருக்கு நீண்ட அரசுப்பணி அனுபவம் உண்டு. இருந்தார். மூன்று ராஜா சேர்ந்து வந்தது. மொத்தத்தையும் தள்ளினார்.

“சார் இம்புட்டு தள்ளுதாருன்னா ஒண்ணும் இருக்காது” என்று பாண்டித்துரை இருந்ததையெல்லாம் வைத்தார். பானுவும் வைத்தார். இரண்டு பேர் கொட்டையும் காலி. எங்கள் வீட்டில் பாயசம்.

சனிக்கிழமை இருவரும் மருத்துவச் சான்றிதழோடு வந்து நின்றார்கள்.

“காய்ச்சல் சார்.”

“ரெண்டு பேருக்குமா? ஒரே டாக்டர்ட்டயா?”

“கைராசிக்கார டாக்டர் சார். போன மாசம் உங்களுக்கும் அவர்தானே குடுத்தாரு?”

போன மாதம் என் தம்பியின் புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போயிருந்தோம். அவர் உடனே விடுப்பை அனுமதித்தார். வேறு ஆளில்லை. ஞாயிறன்று ஐந்தருவிக்கு அவரே போனார்.

வந்து உட்கார்ந்ததும் சம்பந்தி வீட்டார் அவரைத் தேடினார்கள். சீட்டு விஷயத்தை எப்படிச் சொல்வது? முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, “அவுகளுக்குக் காய்ச்சல், உள்ள படுத்திருக்காவ” என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா பஸ் கண்டக்டர். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார்.

“இப்பத்தான் ஐந்தருவியில ஒரு குளியலப் போட்டுட்டு வாரோம். தகவல் மையத்துல பேர்ப்பலகையோட இருந்த உங்க வீட்டுக்காரர்தான் கூட்டம் இல்லாத பக்கமா வழி காட்டிவிட்டாரு.”

நான் அடுக்களைப் பக்கம் திரும்பினேன்.

“அட, விடுங்க மதினி” என்றார். “எனக்கும் இன்னைக்கு டிப்போவுல காய்ச்சல்தான்.”