மூன்று மைல் பின்னோக்கி வந்த வண்டி பற்றிய சமாதானம்

வலியசாலை, திருவனந்தபுரம்
கொல்லம் 1110, மகர மாதம் 18

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி பஞ்சாபகேசய்யர் அவர்கள் சமூகத்துக்கு வெங்கடசுப்ரமணியன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது.

ஈசன் கிருபையால் இங்கே நானும், என் சகதர்மிணி வாலாம்பாளும், பசுவும் கன்றும் சௌக்கியம். அங்கே தாங்களும், தங்கள் பத்தினி விஜயம் அம்மாளும், மாப்பிள்ளை சிரஞ்சீவி ஸ்ரீனிவாசனும், எங்கள் பெண் நாகலக்ஷ்மியும், இன்னும் மூன்று மாதத்தில் வந்து சேரப்போகிற பேரனோ பேத்தியோ அவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். க்ஷேம விசாரணையைச் சுருக்கிக்கொண்டதற்கு மன்னிக்கவும். விஷயம் நீளமானது.

சென்ற திங்கட்கிழமை எங்கள் பெண்ணின் சீமந்தத்தன்று, பெண்ணைப் பெற்றவர்களாகிய நாங்கள் வித்துராவில் தங்கள் வாசலுக்கு வந்து இறங்கினபோது, எங்கள் மோட்டார் வண்டி முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்டுகள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வண்டியைச் சுற்றி வந்தார்கள். விஜயம் அம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "வாசலுக்கு முதுகைக் காட்டிண்டு வர சம்பந்தியை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றார்கள். சீமந்தம் என்னவோ முகூர்த்தத்துக்குள் நடந்துவிட்டது. ஆனால் தாம்பூலம் வாங்கிக்கொண்டு, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை என்றைக்கு அழைத்துப்போகலாம் என்று நான் கேட்டபோது தாங்கள் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் நிற்கிறது.

"நானும் ஒன்பது வருஷமா மோட்டார் வெச்சிண்டிருக்கேன். எந்த மோட்டாரும் மூணு மைல் பின்னாலே வராது. வேணும்னு பண்ணினா ஒழிய வராது. காரணத்தை எழுத்து மூலமாத் தெரியப்படுத்துங்கோ. அப்புறம் பெண்ணை அனுப்பறதைப் பத்திப் பார்க்கலாம்."

தாங்கள் முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர்கள். நான் முப்பத்திரண்டு வருஷம் ஹஜூர் கச்சேரி உத்தியோகத்தில், பிசகு செய்த குமாஸ்தாக்களிடம் சமாதானம் கேட்டு மெமோ எழுதினவன். எழுதச் சொன்னால் எழுதாமல் இருப்பேனா? ஆனால் மெமோ எழுதின நாளில் ஒன்றையும் நான் கிழித்தெழுதினதில்லை. இதை மூன்று தரம் கிழித்து எழுதியாயிற்று. உள்ளறையைச் சாணமிட்டு மெழுகி, பிரசவ லேகியத்துக்குச் சுக்கும் மிளகும் இடித்து வைத்துவிட்டு, யார் வாசலில் செருமினாலும் வாலாம்பாள் எட்டிப் பார்க்கிறாள். ஒரே பெண். அவளுடைய தலைப்பிரசவம் தாயார் கண்ணெதிரில் நடக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இந்த வருஷத்தில் வேறு வேண்டுதல் கிடையாது.

முதலில் இந்த வண்டியை ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். வாலாம்பாளுக்குப் பெட்ரோல் வாசனை ஆகாது. கல்யாணத்தின்போது தங்கள் காரிலேயே நடந்தது தங்களுக்கு மறந்திருக்காது, ஸீட் துணியை மாற்ற வேண்டியதாயிற்று. வித்துரா பஸ்ஸில் ஏற்றினால் நெடுமங்காடு வருவதற்குள் கண் செருகிவிடுகிறது. பெண்ணைக் கொடுத்து ஒன்றரை வருஷமாகியும் அவள் பெண்ணின் புக்ககத்தைப் பார்த்ததில்லை. இந்த நிலையில், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரைசானி அம்மாளின் சாமான்களை ஏலம் போட்டபோது, கண்ணாடி ஜன்னலும் பட்டுத் திண்டும் வைத்த ஒரு மின்சார மோட்டார் வந்தது. ஏலத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பானெட்டைத் திறந்து பார்த்தார்கள், உள்ளே எஞ்சினைக் காணவில்லை, பாட்டரிப் பெட்டிகள்தான் இருந்தன, எஞ்சினை யாரோ திருடிக்கொண்டுபோய்விட்டான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நான் மட்டும் வாங்கினேன். வாசனை இல்லாத வண்டி என்றதும் எனக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

இனி தங்கள் காருக்கும் இதற்கும் உள்ள பேதம். தங்கள் காரின் எஞ்சின் தானாகப் புறப்படாது. முன்னால் நின்று ஹாண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். புறப்பட்டாலும் மெதுவாகச் சுற்றும்போது அதற்குப் பலம் கிடையாது, வேகமாகச் சுற்றினால்தான் பலம். எனவே எஞ்சின் வேகமாகவும் சக்கரம் மெதுவாகவும் சுற்றுவதற்காக நடுவில் பல்சக்கரங்கள் வைத்து, அதற்குக் கியர் என்று பெயர் கொடுத்து, ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இருக்கும் தொடர்பைக் கொஞ்ச நேரம் துண்டிக்கக் கிளட்ச் என்று ஒரு மிதியும் வைத்திருக்கிறான். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை எழுப்பி, காப்பி கொடுத்து, கங்கா ஸ்நானத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு படியாக உபசாரம் செய்தால்தான் அது நகரும். இது நம் சிரஞ்சீவி ஸ்ரீனிவாசனைக் குறித்துச் சொன்னதல்ல.

என் வண்டியில் ஹாண்டில் இல்லை, கியர்ப்பெட்டி இல்லை, கிளட்ச் இல்லை. பாட்டரியிலிருந்து மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது, மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது, அவ்வளவுதான். நின்ற இடத்திலிருந்து முதல் அங்குலம் நகரும்போதே அதற்கு முழுப் பலமும் உண்டு. ஒரு கைப்பிடியைக் கொஞ்சம் தள்ளினால் மெதுவாகவும் நிறையத் தள்ளினால் வேகமாகவும் போகும். சத்தமே கிடையாது. இந்தச் சத்தமில்லாமைதான் எங்களை முதலில் படுத்தியது. டிரைவர் வேலப்பன் பத்து வருஷம் பஸ் ஓட்டினவன், காதால் வண்டி ஓட்டிப் பழகினவன். முதல் நாள் கைப்பிடியைத் தள்ளிவிட்டு உறுமலுக்காகக் காத்திருந்தான். உறுமல் வரவில்லை, இன்னும் கொஞ்சம் தள்ளினான், அதற்குள் வண்டி தெருவைக் கடந்து எதிர்வீட்டு வேலியை முட்டி நின்றுகொண்டிருந்தது. இன்னொன்று, அவனுடைய இடதுகால் கிளட்ச்சைத் தேடிக்கொண்டே இருக்கிறது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் துரைசானி அம்மாள் மணி வைத்திருக்கிறாள். ஆகவே அவன் ஒவ்வொரு வளைவிலும் பழக்கத்தில் மிதிக்க, மணி அடிக்கிறது. வலியசாலைத் தெருவில் எஞ்சின் சத்தமில்லாமல் மணிச்சத்தம் மட்டும் வந்தால் ஸ்வாமி புறப்பாடு என்றல்லவா நினைப்பார்கள்? நாலு வீட்டில் தேங்காய் பழத் தட்டோடு வந்து நின்றார்கள். உள்ளே நான் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் கையைக் கூப்பிவிட்டு அப்புறம் வருத்தப்பட்டார்.

பெட்ரோல் கார் பசித்தால் நெடுமங்காட்டில் ஒரு டின் வாங்கி ஊற்றி ஐந்து நிமிஷத்தில் புறப்படலாம். இதற்கு மின்சாரம் ஏற்ற ஒரு முழு நாள் வேண்டும். நம் வீட்டு விளக்குக்கு வரும் மின்சாரம் இதற்கு ஒத்துக்கொள்ளாதாம், வேறு ஜாதி மின்சாரம் வேண்டுமாம். அது சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சினிமாக் கொட்டகையின் டைனமோவில்தான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டு முந்தின நாளே வந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தோம். சனிக்கிழமை புதுப்படம் வந்து மூன்று ஆட்டம் ஓடிற்று, டைனமோ எங்களுக்கு ஒழியவில்லை. திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் புறப்பட முடிந்தது. வழியில் ஏற்றம் வந்தால் பாட்டரி முள் மளமளவென்று இறங்குகிறது. இறக்கத்தில் தங்கள் கார் என்றால் சின்னக் கியரைப் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், இங்கே பிரேக்கைத் தவிர பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, வேலப்பன் இல்லாத கியரைத் தேடினான், நான் பிள்ளையாரைத் தேடினேன். எப்படியோ எட்டரை மணிக்குத் தொளிக்கோடு தாண்டிவிட்டோம், வித்துராவுக்கு இன்னும் மூன்று மைல்தான். அங்கே ஓர் ஓடையில் கால்முகம் கழுவ நான் இறங்கினேன். திரும்பி வந்தால் வேலப்பன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான், வண்டி முன்னால் போகாது, பின்னால் மட்டும்தான் போகும் என்றான்.

இங்கேதான் தாங்கள் கவனிக்க வேண்டும். வண்டியோடு கிடைத்த புஸ்தகத்தை நான் பார்த்து யோசித்ததில், முன்னால் போவதற்கு மின்சாரம் பாய்கிற செப்புத் தகடு ஏற்றத்தின் சூட்டில் கரிந்துபோயிருக்க வேண்டும், பின்னால் போவதற்கான தகடு தனியாதலால் அது பிழைத்திருக்கிறது. தங்கள் காரில் எஞ்சின் என்றைக்கும் ஒரே திசையில்தான் சுற்றும். பின்னால் போக வேண்டுமானால் இன்னொரு பல்சக்கரத்தை நடுவில் செருக வேண்டும், அந்தக் கியரில் ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது, மூன்று மைல் போனால் தண்ணீர் கொதித்துவிடும். அதனால்தான் தாங்கள் அப்படிச் சொன்னீர்கள், தங்கள் காரைப் பொறுத்தமட்டில் அது நியாயமே. மின்சார மோட்டாருக்கோ முன் என்றும் பின் என்றும் பேதமில்லை. மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தால் அது திரும்பிச் சுற்றுகிறது, அதே பலம், அதே சுறுசுறுப்பு. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. பெண்ணின் சீமந்தத்துக்குத் தாயார் வராமல் போவதா, பின்னோக்கியாவது வருவதா என்று தாங்களே என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். வண்டியை வளைத்துத் திருப்பி அதன் முதுகை வித்துராப் பக்கம் வைத்துக்கொண்டோம். நான் பின் ஜன்னலில் தலையை நீட்டி வலது இடது என்று சொல்லிக்கொண்டே வந்தேன், இன்னும் கழுத்து திரும்பவில்லை. வாலாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள், பயத்தில் ஸ்தோத்திரம் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே தங்கள் வாசலுக்கு முதுகைக் காட்டியது ஒரு கரிந்த தகடே தவிர, நாங்கள் அல்ல. அவமதிக்க வேண்டும் என்ற எண்ணம் எள்ளளவும் இல்லை. நாங்கள் மாட்டுவண்டியில் திரும்பும்போது தங்கள் மாட்டுக்கொட்டிலில் விட்டுவந்த மோட்டாருக்கு, மாப்பிள்ளை தாம் வேலை பார்க்கும் எஸ்டேட்டின் தேயிலை ஆலை டைனமோவில் மின்சாரம் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தகட்டை மாற்ற ஒரு எலெக்ட்ரீஷியனை வேலப்பனோடு அனுப்புகிறேன். இந்தச் சமாதானத்தை அங்கீகரித்து, நாகலக்ஷ்மியை எங்களோடு அனுப்பிவைக்கும்படி இரண்டு கையையும் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

விஜயம் அம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தீர்க்காயுசும் சகல சௌபாக்கியமும் உண்டாகும்படி ஆசீர்வாதம்.

இங்ஙனம் தங்கள் அன்பை நம்பியிருக்கும்,
வெங்கடசுப்ரமணியன்

பின்குறிப்பு: மேலே கண்டதைக் கவரில் போடுமுன், எலெக்ட்ரீஷியனோடு போகச் சொல்ல வேலப்பனைக் கூப்பிட்டேன். அவன் மறுபடியும் தலையைச் சொறிந்தான். "சாமீ, தகடொண்ணும் கரிஞ்ஞிட்டில்லா. அம்மா பறஞ்ஞு, ஞான் செய்து" என்றான். தகடு கரியவேயில்லை, அம்மா சொல்லித்தான் செய்தானாம். நான் சமையலுள்ளுக்குப் போய்க் கேட்டேன். வாலாம்பாள் சுக்கு இடிப்பதை நிறுத்தவேயில்லை.

"திங்கட்கிழமை கிழக்கே சூலம். தொளிக்கோடு தாண்டி வழி திரும்பினதும் சூரியன் நேரே மூஞ்சியிலே அடிச்சப்பத்தான் ஞாபகம் வந்தது. பிள்ளைத்தாச்சிப் பொண்ணைப் பார்க்கச் சூலத்துக்கு எதிரே முகத்தை வெச்சிண்டு போறதாவது. உங்ககிட்ட சொன்னா புஸ்தகத்தைப் பார்ப்பேள். அதான் மேற்கே பார்த்துண்டு வந்தேன்."

புறப்படும்போது ஒரு வாய் தயிர் சாப்பிட்டிருந்தால் பரிகாரம் ஆகியிருக்குமே என்றேன். தயிர் தின்கிறவளுக்குச் சரி, பெண்ணின் வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு யார் ஊட்டுவது என்று கேட்டாள். நான் திரும்பி வந்து பேனாவை எடுத்தேன்.

ஆகையால் மோட்டாரைப் பற்றி எழுதினது அத்தனையும் நிஜம், தகட்டைப் பற்றி எழுதினது மாத்திரம் பொய். தாங்கள் சொன்னபடி வேண்டுமென்று செய்ததுதான். தங்களுக்குக் கோபம் வந்தால் மேலே உள்ள காகிதங்களைக் கிழித்துவிடலாம், இந்தப் பின்குறிப்பை மட்டும் விஜயம் அம்மாளிடம் படித்துக் காட்டவும். அனுப்பச் சம்மதமானால் வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். ஞாயிறு சூலம் மேற்கே, நாங்கள் திரும்புவதும் மேற்கே. ஆகவே தங்கள் வாசலிலிருந்து மோட்டார் பின்னோக்கித்தான் புறப்படும் என்று வாலாம்பாள் இப்போதே சொல்லிவிட்டாள். தெரு முனை திரும்புகிறவரை எங்கள் முகம் தங்கள் வாசலைப் பார்த்தபடியே இருக்கும், நாகலக்ஷ்மியின் முகமும்.