சமாதானத்தின் பீரோவில் இருந்த ஜாக்கெட்

காரைக்காலில் என்னை அதிகம் கத்த வைத்தவர் யார் என்று கேட்டால், என் கணவர் நிம்மதியாகச் 'சமாதானம்' என்பார். அது ஒரு படகுக்காரரின் பட்டப்பெயர். அவரைப் போல ஊரில் சண்டை மூட்டியவர் வேறு யாரும் கிடையாது.

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு திட்டு இருக்கிறது. அதிலுள்ள ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சர். என் இரண்டு வயது மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. அதனால் தினமும் அவளையும் தூக்கிக்கொண்டு சமாதானத்தின் ஃபைபர் படகில் அக்கரை போய், பள்ளிக்குப் பக்கத்து அங்கன்வாடியில் விடுவேன். வெற்றிலை போட்டு மென்று துப்புவதற்குள் முடிந்துவிடும் பயணம்தான். ஆனால் சமாதானம் முடிய விடமாட்டார்.

அவர் படகிலிருந்து சண்டையோடு யாரும் கரையேறக் கூடாது. எங்கேயாவது குரல் உயர்ந்தால் நடு ஆற்றில் எஞ்சினை நிறுத்தி நங்கூரத்தைப் போட்டுவிடுவார். "பேசி முடிச்சிக்கிங்க. சண்டைய ஏத்திக்கிட்டுப் போனா போட்டு கனக்கும்" என்று பீடி பற்ற வைப்பார். ஒருமுறை புதுமாப்பிள்ளையும் மாமனாரும் சீர் பாத்திரத்துக்காக முறைத்துக்கொள்ள, நானும் படகில் மாட்டிக்கொண்டதால் எங்கள் பள்ளியில் அன்று காலை வணக்கக் கூட்டமே நடக்கவில்லை. அந்த மாமனார் கோபத்தில் நீந்தியே போய்விட்டார்.

என் கோபம் அதற்கல்ல. அதிகாரிகள் அவருக்குக் கொடுத்த உயிர்காக்கும் ஜாக்கெட்டுகள் எல்லாம் திட்டில் அவர் வீட்டு பீரோவில், பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல், புதுப்பெண்ணின் பட்டுப்புடவை போலப் பூட்டிக் கிடந்தன. அவற்றில் குழந்தை அளவில் ஒன்று இருப்பதை நானே பார்த்தேன்.

"அண்ணே, பாப்பாவுக்கு அதக் குடுங்க."

"அழுக்காயிடும் டீச்சர். ஆபீசர் வந்து கேட்டா புதுசா காட்ட வேணாமா?"

"ஆள் முழுகிப்போனா?"

"முழுகினா ஜாக்கெட்டும்ல நனைஞ்சிடும்?"

அதிகாரிகளுக்கு மனு எழுதினேன், கிழித்தேன். அவர் பிழைப்பு கெட்டுவிடுமோ என்று ஒரு நாள், நான்தான் அதிகம் பயப்படுகிறேனோ என்று மறுநாள். ஊரே சும்மா போய் வருகிறதே. ஆனால் மடியில் மகள் அலைக்குக் கை நீட்டும்போதெல்லாம் என் விரல்கள் அவள் கவுனை முறுக்கிப் பிடித்திருக்கும். எல்லா கவுனும் இடுப்பில் கிழிந்தன.

ஒருநாள் மீன்கார செல்வி அக்காவின் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டி ஜவுளி பாயின் மூட்டையில் இறங்கியது. "கைலிலாம் கவிச்சி அடிக்குதேம்மா" என்று பாய் குரல் கொடுக்க, நங்கூரம் விழுந்தது. கடல் பக்கம் இழுக்கும் நீரில் படகு ஆடியது. மகள் எழுந்து நின்று கைதட்டினாள். பாயும் செல்வி அக்காவும் பயந்து உடனே ராசியாகிவிட்டார்கள். சமாதானம் எஞ்சின் கயிற்றைப் பிடித்தார்.

"எடுக்காதீங்க" என்றேன். "எனக்கும் உங்களுக்கும் சண்ட இருக்கு. இன்னும் முடியல."

சொன்னதுமே மகளை இழுத்து மடியில் உட்கார வைத்தேன். நங்கூரக் கயிறு அறுந்தால்? குழந்தையை வைத்துக்கொண்டு நானே படகை நிறுத்தி வைக்கிறேனே, எப்படிப்பட்ட அம்மா நான்? ஆனால் வாய் மூடவில்லை.

சமாதானம் பீடியை எடுத்தார், பற்ற வைக்கவில்லை. "அந்த சைசுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு டீச்சர்."

"எனக்கும் பொண்ணு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு, "நாளைக்கு எடுத்தாரேன்" என்றார்.

"அப்ப நாளைக்கே எஞ்சின எடுங்க, நாங்க இங்கயே கெடக்குறோம்" என்று செல்வி அக்கா காலை நீட்டிக்கொண்டார். பாய் மூட்டையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்துவிட்டார். தன் சட்டத்தில் தானே மாட்டிய சமாதானம், "இன்னிக்கு சாயங்காலமே தாரேன், போதுமா?" என்று முனகிக்கொண்டு நங்கூரத்தை இழுத்தார்.

சொன்னபடியே மாலையில் கொண்டுவந்தார். கவரோடு.

"கவரப் பிரிங்கண்ணே."

"மேல கெடந்தா என்ன டீச்சர், கண்ணாடி மாதிரிதான இருக்கு?"

தன் தோலையே உரிப்பது போலப் பிரித்துக் கொடுத்தார். மற்ற ஜாக்கெட்டுகள் ஒவ்வொன்றையும் பீரோவிலிருந்து எடுக்க நாங்கள் தனித்தனியே சண்டை போட வேண்டியிருந்தது. அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மகள் அந்த ஜாக்கெட்டில் பிஸ்கட், சேறு, மூக்குச்சளி எல்லாம் பூசிவிட்டாள். நானே துவைத்துத் தருகிறேன் என்றால் விடமாட்டார். "ஒங்க சோப்பு காரம், சாயம் விட்டுரும்" என்று வாங்கிக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு வரும்போது படகுத்துறை வரை போய் அக்கரையைப் பார்ப்பேன். அவர் வீட்டுக் கொடியில், இரண்டு கைலிகளுக்கு நடுவே, அந்தச் சின்ன ஆரஞ்சு ஜாக்கெட் வெயில் படாமல் நிழலில் காய்ந்துகொண்டிருக்கும். அதன் மேல், காக்கை எச்சம் விழுந்துவிடாதபடி, தன் துண்டை விரித்துப் போட்டிருப்பார்.