முயற்சிக்கு ஓர் உதை

கோணநாட்டில் போர் கிடையாது, தேர்தல் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை பந்தாட்டம் உண்டு. நாடு நடப்பது அதை வைத்துத்தான். பந்தும் உருண்டைப் பந்தல்ல. உரிக்காத தேங்காய் போல நீண்டது. கீழே விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்பது அதற்கே தெரியாது. மேல்கரையில் பதினைந்து பேர், கீழ்கரையில் பதினைந்து பேர். வெல்லும் கரைக்கு ஓராண்டுக் காலம் பெரிய கண்மாயின் மடைச்சாவி. மேல்கரையில் வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது. கீழ்கரைக்கு அந்த மடையை விட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. சாவி எந்தக் கரையில் தொங்கியது என்று சொல்லவும் வேண்டுமா?

கீழ்கரை அணிக்குத் தலைவி வெள்ளச்சி. நெற்கட்டு சுமந்த கழுத்து, வரப்பில் ஓடிய கால். அவள் தலைவியான முதல் ஆண்டிலேயே பந்தை ஏந்தி ஓடி, மேல்கரையின் கடைசிக் கோட்டைத் தாண்டி ஏழு முறை தரையில் ஊன்றினாள். மேல்கரை ஒருமுறை ஊன்றியது. பிறகு பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே பறக்கவிட்டது. விதி மந்திரி நெறிவாணர் எழுந்து மேல்கரை வென்றதாக அறிவித்தார்.

"நாங்க ஏழு தடவ வச்சோமே ஐயா" என்றாள் வெள்ளச்சி.

"வைத்தீர்கள். மறுக்கவில்லை. அதற்கு 'முயற்சி' என்று பெயர். முதல் விதியே அதுதான்: முயற்சி செய்தவருக்குத் தடையின்றி ஓர் உதை உண்டு. உதை கம்பத்துக்குள் போனால்தான் மதிப்பெண். முயற்சிக்கு மதிப்பெண் ஏதம்மா? பெயரிலேயே முயற்சி என்று இருக்கிறதே."

ஏழு உதையும் வெறுங்காலால் உதைத்தவை. ஏழும் கோணிக்கொண்டு போயின. மேல்கரைக்காரர்களுக்கு அரண்மனைத் தோல் செருப்பு. அதைத் தைத்துக் கொடுத்தது யார் வீட்டுச் சம்பந்தி என்பதெல்லாம் நமக்கெதற்கு?

கீழ்கரை மனுக் கொடுத்தது. மறு ஆண்டு தண்டோரா போட்டார்கள்: மக்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது, இனி முயற்சிக்கு ஒரு மதிப்பெண். தண்டோராக்காரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மீதியையும் சொன்னான்: உதைக்கு மூன்று.

அதற்கடுத்த ஆண்டு கீழ்கரை தள்ளுமுள்ளைப் பிடித்துக்கொண்டது. பக்கத்துக்கு எட்டுப் பேர் தோள் கோத்து, தலை முட்டித் தள்ளுவதற்கு அந்தப் பெயர். கீழ்கரை எட்டுப் பேரும் மேல்கரை எட்டுப் பேரை வைக்கோல் போரைப் போலக் கோடுவரை தள்ளிக்கொண்டே போனார்கள். உடனே திருத்தம் வந்தது: தள்ளலாம், நகர்த்தக் கூடாது.

பிறகு, களைத்தவருக்குப் பதிலாகப் புது ஆள் இறங்கலாம் என்றார்கள். களைப்புக்கு அரண்மனை வைத்தியரின் சான்று வேண்டும். அவர் கீழ்கரைப் பக்கம் காற்று வாங்கக்கூட வந்ததில்லை. பிறகு ஒரு கோபுரம் எழும்பியது. நடுவர் கண்ணால் கண்டதைச் சரியாகத்தான் கண்டாரா என்று பார்த்துச் சொல்ல அதன்மேல் ஒருவர் உட்கார்ந்தார். நெறிவாணரின் மைத்துனர். பார்வை கொஞ்சம் மந்தம் என்று ஊரில் பேச்சு.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழ்கரையில் பத்துக் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனது. இந்த ஆண்டு நாற்று மஞ்சளாகத் தலை சாய்ந்துவிட்டது. இம்முறையும் சாவி வராவிட்டால் அடுத்த ஆட்டத்துக்குப் பதினைந்து பேர் தேறமாட்டார்கள் என்பது வெள்ளச்சிக்குத் தெரியும். நெறிவாணருக்கும் தெரியும். ஆட்டத்துக்கு முதல்நாள் அவர் கடைசித் திருத்தத்தை வெளியிட்டார்: பந்தை முன்பக்கம் வீசக் கூடாது என்ற விதி தொடரும், ஆனால் 'முன்' என்பது மன்னர் முகம் பார்க்கும் திசை.

மன்னர் கிழக்குக் கோடியில் மேற்கு பார்த்து அமர்வார். மேல்கரை எப்போதும் கிழக்கு நோக்கி ஆடும். ஆகவே அவர்கள் ஓடும் திசையிலேயே தாராளமாக வீசலாம். விதிப்படி அது 'பின்'. கீழ்கரை ஓடும் மேற்குத் திசைதான் 'முன்'.

ஆட்டம் தொடங்கியது. மேல்கரை, கீழ்கரைக்கு எட்டாத தூரத்துக்கு வீசி வீசி மூன்று முறை ஊன்றி, மூன்று முறை உதைத்தது. பன்னிரண்டு மதிப்பெண். கீழ்கரை மூச்சு வாங்கி நான்கு முயற்சி. நான்கு உதையும் கோணல். வெயில் சாய்ந்தது.

வெள்ளச்சி வியர்வையைத் துடைக்க நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். மேற்கு வெயில் கண்ணில் குத்தியதோ என்னவோ, மன்னர் நாற்காலியோடு மறுபக்கம் திரும்பி, ஆட்டத்துக்கு முதுகு காட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏலே சுடலை, ராசா எங்கிட்டு பாக்காரு?"

"கெழக்கப் பாத்து ஒறங்குதாரு. ஏன்க்கா?"

"அப்ப மேக்கதாம்லே பின்னாடி. கோட்டப் பாத்து ஓடு, தலைக்கு மேல வீசுதேன்."

வீசினாள். சுடலை ஓடிப் பிடித்து ஊன்றினான். நடுவர் கோபுரத்தைப் பார்த்தார். கோபுரம் நெறிவாணரைப் பார்த்தது. நெறிவாணர் தம் புத்தகத்தைப் பார்த்தார், அவர் கையெழுத்தேதான். மேல்கரை வீசியதெல்லாம் இப்போது முன்வீச்சு, ஒவ்வொன்றுக்கும் ஊதல். மன்னரை எழுப்பலாம்தான். தூக்கத்தில் எழுப்பியவனுக்கு என்ன தண்டனை என்று எழுதியதும் நெறிவாணர்தான்.

ஆறு, ஏழு, எட்டு. கீழ்கரைக் கிழவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டோரமாகக் கூடவே ஓடினார்கள். பத்து, பதினொன்று. மைத்துனர் கோபுரத்திலிருந்து இறங்கிப் போய்விட்டார். பன்னிரண்டாவதில் பந்து கோணலாகத் துள்ளி வெள்ளச்சியின் மடியிலேயே விழுந்தது. பதின்மூன்றாவதை ஊன்றிவிட்டு அவள் எழவில்லை, மற்றவர்கள் தூக்கினார்கள்.

ஊரே மடைக்குப் போனது. நெறிவாணர் சாவியை மடியில் வைத்துக்கொண்டு படித்தார்:

"வெற்றி ஏற்கப்படுகிறது. ஆனால் இதுவரை வெல்லாத கரையின் முதல் வெற்றி, முயற்சியாகவே கருதப்படும்."

"சாவி?"

"முயற்சிக்குச் சாவி ஏதம்மா?"

வெள்ளச்சி மடைப்பலகையைப் பார்த்தாள். ஆண்டுக்கணக்காகத் திறக்காத பலகை. ஓரம் கரையான் தின்று செதிலாக உதிர்ந்தது.

"சரிங்கய்யா. மொத விதிய ஒருக்கா வாசிங்க."

அந்த விதியில் அவருக்கு எப்போதுமே பெருமை. குரலை உயர்த்தி வாசித்தார்: "முயற்சி செய்தவருக்குத் தடையின்றி ஓர் உதை உண்டு."

"எத ஒதைக்கணும்னு போட்டிருக்கா?"

நெறிவாணர் பக்கத்தைப் புரட்டினார். திருப்பிப் புரட்டினார். பதினைந்து பேரும் உதைக்கப் போகிறவர்கள் போல ஐந்தடி பின்வாங்கி நின்றதைக் கண்டதும் சட்டென்று ஒதுங்கினார். யாரை நோக்கி என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பதினைந்து வெறுங்கால்கள். அந்த உதை ஒன்றுதான் அத்தனை ஆண்டில் கோணாமல் போனது.

மறுநாள் காலையில் புதிய திருத்தத்தோடு தண்டோராக்காரன் கீழ்கரைக்கு வந்தான். முழங்கால் தண்ணீரில் வழுக்கி, பறையோடு விழுந்து எழுந்து, அடித்தான். தோல் நனைந்து ஊறிப்போயிருந்தது. எத்தனை அடித்தும் சத்தமே வரவில்லை.