சகாய ஆனந்தின் முதல் விளம்பரம்

காலை ஒன்பதே காலுக்கு முதல் மாலை வந்தது.

கடலூர் கொளஞ்சி நல்லெண்ணெய் கம்பெனியில் மார்க்கெட்டிங் மேனேஜராகச் சேர்ந்து சகாய ஆனந்துக்கு அன்று ஐந்தாம் நாள். வரவேற்பு கொஞ்சம் தாமதம்தான், பரவாயில்லை என்று எழுந்து, மாலையோடு நின்ற காடாம்புலியூர் ஏஜென்ட் கோவிந்தசாமிக்கு வாகாகக் குனிந்து கழுத்தைக் கொடுத்தான்.

கோவிந்தசாமி மாலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஐயாவ எங்க தம்பி கெடத்தியிருக்காங்க?"

"எந்த ஐயாவ?"

"மொதலாளியத்தான். சிதம்பரத்துலேருந்து எம் மச்சான் போட்டோ அனுப்பிச்சான். நல்ல மனுசன்பா."

அவர் நீட்டிய போனில் இருந்தது ஆனந்த் வடிவமைத்த ஃபிளெக்ஸ் பேனர். நேற்று ராத்திரிதான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டியிருந்தார்கள். பொருளைக் காட்டாதே, மனசைத் தொடு என்பது அவன் சென்னையில் கற்ற பாடம். அதனால் முதலாளி கொளஞ்சியப்பனின் படம், கறுப்பு வெள்ளையில். கம்பெனிக்கு நாற்பது வயது என்பதால் கீழே '1985 – 2025'. அதற்கும் கீழே, 'என்றும் எங்கள் இல்லத்தில், உள்ளத்தில்'. ஓரத்தில் கம்பெனியின் முத்திரை: எரியும் குத்துவிளக்கு.

ஆனந்த் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். கிட்டப் பிடித்துப் பார்த்தான். எப்படிப் பிடித்தாலும் முதலாளி இறந்துதான் போயிருந்தார்.

"ஐயோ, இது கம்பெனியோட வருசங்க! அறுபத்தஞ்சு வயசு ஆளு எப்படி எண்பத்தஞ்சுல பொறந்திருப்பாரு?"

"மனசு ஒடஞ்சு நிக்கறப்ப யாரு தம்பி கணக்கு பாக்கறது?"

ஒரே வருடத்தில் இரண்டு வேலையைத் தொலைத்தவன் ஆனந்த். இது மூன்றாவது. "இங்கயாவது புத்திசாலித்தனத்தக் காட்டாம இருங்க" என்று சொல்லித்தான் மனைவி பெலிசியா டிபன் பாக்ஸைக் கையில் கொடுப்பாள். சேர்ந்த அன்று முதலாளி சொன்னதும் ஒன்றே ஒன்றுதான்: "சிதம்பரம் பக்கம் ஒருத்தனும் நம்மள திரும்பிப் பாக்க மாட்டேங்கறான். பாக்க வை. மூணு மாசம் டைம். இல்லன்னா வேற எடம் பாத்துக்க."

முதலாளிக்குப் போன் போட்டான். சுவிட்ச் ஆஃப்.

"விடியறதுக்கு முன்னயே கார எடுத்துட்டுப் போயிட்டாராம் சார். எங்கன்னு வீட்டுலயும் சொல்லல" என்றாள் ஆபீஸ் கிளார்க் தமிழ்ச்செல்வி.

ஆனந்த் ஏஜென்டுகளின் வாட்ஸப் குழுவில் எழுதினான்: 'முதலாளி நலமாக இருக்கிறார். யாரும் பதற வேண்டாம்.'

உடனே பதில் வந்தது: 'எந்த ஆஸ்பத்திரி?'

'ஆஸ்பத்திரியில் இல்லை.'

'அப்ப வீட்டுக்கே கொண்டாந்துட்டாங்களா? எத்தினி மணிக்கு எடுக்கறாங்க?'

பத்து மணிக்குள் பதினோரு மாலை சேர்ந்துவிட்டது. வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கியவர், "பிளக் பாயின்ட் எங்க சார் இருக்கு?" என்றார். தமிழ்ச்செல்வி மூக்கை உறிஞ்சினாள்.

"நீ ஏம்மா அழற? உனக்குத்தான் உண்மை தெரியுமே!"

"தெரியும் சார். எல்லாரும் அழுவறப்ப நான் மட்டும் சும்மா உக்காந்திருந்தா தப்பா நெனைப்பாங்க."

ஆனந்த் சிதம்பரம் ஃபிளெக்ஸ் கடைக்காரர் செந்தமிழ்செல்வனைப் போனில் பிடித்தான். "அந்த பேனர ஒடனே எறக்குங்க!"

"ஏணி வெளிய போயிருக்கு சார்."

"வேற ஏணி?"

"அதுவும் வெளிய போயிருக்கு சார்."

அடுத்த பஸ்ஸில் ஆனந்தே கிளம்பினான். சிதம்பரத்தில் பேனருக்குக் கீழே மாலைகள் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. சாரத்தில் தொற்றி ஏறிக் கயிற்றில் கை வைத்ததுதான் தாமதம்.

"யார்றா அவன், சாவு பேனர அவுக்கறவன்!" நாலு பேர் காலைப் பிடித்து இழுத்து இறக்கினார்கள்.

"நான்தாங்க இத வெச்சதே!"

கூட்டம் சட்டென்று உருகியது. வரிசையில் வந்து ஒவ்வொருவராக அவன் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். ஒரு பெரியவர் மட்டும் பிடித்த கையை விடவில்லை.

"நான் காத்தவராயன். ஊரு குமராட்சி. அவருக்குக் கூடப்பொறந்த தம்பி" என்று தேம்பினார். "அண்ணன் மக கல்யாணப் பத்திரிகையில எம் பேர விட்டுட்டாங்கன்னு பதினோரு வருசமா நான் பேசலப்பா. அது அச்சடிச்சவன் தப்பாக்கூட இருந்திருக்கும்ல?"

"இருந்திருக்குங்க" என்றான் ஆனந்த். அன்றைய தினத்தில் அவன் முழு மனதோடு சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

எதிர் டீக்கடையில் தலைத்துண்டோடு உட்கார்ந்திருந்த ஒருவர், தம்ளரை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்தார். துண்டை அவிழ்த்தார். கொளஞ்சியப்பன். கறுப்பு வெள்ளையில் இல்லை, கலரில்.

காத்தவராயன் வாயைப் பிளந்தார். கையிலிருந்த மாலையாலேயே அண்ணனை இரண்டு சாத்து சாத்தினார். பிறகு கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

"போயிட்டேன்னு நெனச்சேண்ணே!"

"அதான் வந்தியாக்கும்? சரி, அழாதடா. எல்லாரும் பாக்கறாங்க."

"இந்த பேனர்லயும் எம் பேரப் போடலியேண்ணே!"

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆனந்த் பக்கம் திரும்பினார். ஆனந்த் மனதுக்குள் ராஜினாமாக் கடிதத்தின் இரண்டாம் பத்தியில் இருந்தான்.

"திரும்பிப் பாக்க வைன்னு சொன்னேன். வெச்சுட்ட. மூணு மாசமெல்லாம் வேணாம், நாளைலேருந்து நீ பர்மனென்ட்."

ஆனந்த் மாலைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டான். பெலிசியாவைப் போனில் கூப்பிட்டான்.

"வேலை பர்மனென்ட் ஆயிடுச்சு."

"புத்திசாலித்தனம் எதுவும் காட்டலியே?"

"காட்டுனேன். நல்லவேளையா யாரும் கவனிக்கல."

அண்ணனும் தம்பியும் ஒரே காரில் குமராட்சிக்குக் கிளம்பிப் போன பிறகு, தோளில் ஏணியோடு செந்தமிழ்செல்வன் வந்து சேர்ந்தார்.

"இப்பதான் கெடச்சுதா ஏணி?" ஆனந்த் பாய்ந்தான். "அச்சடிக்கும்போதே இது சாவு பேனர் மாதிரி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே சார், ஒங்க மொதலாளிகிட்ட. முந்தாநேத்தே போட்டோ அனுப்பிச்சேன். 'ஒண்ணயும் மாத்தாத, எந் தம்பி தெனமும் அந்த பஸ் ஸ்டாண்டுலதான் எறங்குறான். அவன் வர்ற வரைக்கும் ஏணிய மட்டும் எங்கயாச்சும் ஒளிச்சு வையி'ன்னாரு."