நெல்லுக்கு நின்ற வேன்

உத்திரமேரூரிலிருந்து புறப்படும் கம்பெனி வேன்களில் ரத்தக் கொதிப்பே இல்லாத ஒரே டிரைவர் பிரேக்கு அண்ணன்தான். தனக்கு வரவேண்டிய கொதிப்பையெல்லாம் பின்னால் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கோழிக்கு பிரேக், கன்றுக்குட்டிக்கு பிரேக், கையாட்டிக்கொண்டு ஓடி வருகிற எவருக்கும் பிரேக். அதைவிடப் பயங்கரமான பழக்கம் ஒன்றும் உண்டு: பொய் சொல்லமாட்டார். சூப்பர்வைசர் போனில், "எங்கப்பா வர்ற?" என்று கேட்டால், மற்ற டிரைவர்கள் பல் துலக்கிக்கொண்டே, "கம்பெனி கேட்டாண்ட வந்துட்டேன் சார்" என்பார்கள். இவரோ ஸ்பீக்கரைப் போட்டு, "இன்னும் சாலவாக்கமே தாண்டல சார். எருமை ஒண்ணு குறுக்க நின்னுக்கினு கீது" என்று அறிவிப்பார். நாங்கள் சீட்டுக்கடியில் புதைந்துகொள்வோம்.

"உனக்கு டென்சனே வராதாண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னாத்துக்கு? எதைச் செய்யமாட்டேன்னு வண்டி எடுக்கும்போதே முடிவாயிடுச்சு. ரோட்ல வந்து பேஜாராவ இன்னா கீது?"

அந்தத் தத்துவம் என் தலையில் வந்து விடிந்தது, நேர்முகத்தேர்வு நாளன்றுதான். டிரெயினியாக இருந்த என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அன்று முடிவாகும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா ராத்திரியே சாமிக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டாள். நான் சித்தப்பா மகனின் பளபள ஷூவை இரவல் வாங்கியிருந்தேன்.

சாலவாக்கத்தைத் தாண்டினால், பாதி ரோட்டில் நெல் காய்கிறது. மறுபாதியில் அறுவடை மெஷின் ரிப்பேராகி நிற்கிறது. பிரேக்!

"ஏத்திக்கினு போண்ணா! எனக்கு இன்னிக்கு இன்டர்வியூ!" என்று கத்தினேன்.

"சோத்து மேல வண்டி ஏத்தமாட்டேன்."

நெல்லுக்குச் சொந்தக்கார அம்மாவே கிட்டே வந்து, "அட, போ நைனா! எல்லா வண்டியும் அது மேலதான் போவுது. நானே சொல்றேன்ல!" என்றார்.

"நீ சொல்லுவம்மா. வண்டி ஓட்றது நானு."

அடுத்த நிமிடம் இஸ்திரி போட்ட யூனிபாரத்தோடு மொத்த ஷிப்டும் ரோட்டில் இறங்கி நெல்லை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. "ஷூவைக் கழட்டுடா! உன் இன்டர்வியூவுக்கு நெல்லு இன்னா பாவம் பண்ணிச்சு?" என்று அண்ணனிடமிருந்து எனக்குத் தனியாக ஓர் அதட்டல். தள்ளித் தள்ளி, தலையிலிருந்து சட்டைப்பை வரை அரிக்கிற நெல் சுணை.

வேன் மறுபடி கிளம்பியதும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். யார் கேட்டாலும் பஞ்சர் என்றே சொல்ல வேண்டும். பிரேக்கு அண்ணன் மட்டும் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

இன்டர்வியூ அறைக்குள் எச்.ஆர். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏன் லேட்?"

'பஞ்சர்' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முன் டயரா, பின் டயரா, எந்த ஊரில், ஸ்டெப்னி இருந்ததா என்று அதற்குப் பின்னால் வரப்போகிற கேள்விகளை நினைத்ததும் அதை அப்படியே விழுங்கிவிட்டேன். உண்மைக்கு இந்தத் தொல்லை கிடையாதே!

"ரோட்ல நெல்லு தள்ளினோம் மேடம்" என்றேன். சொன்னதும் உடம்பே லேசாகிவிட்டது.

மேடம் சிரித்தார். "தெரியும். லேட்டாகுதேன்னு நீங்க ரோட்ல இருக்கும்போதே உங்க டிரைவருக்குப் போன் பண்ணேன். 'ஷூவைக் கழட்டித் தள்றான் பாருங்க, அந்தப் பையனுக்குத்தான் மேடம் இன்டர்வியூ'ன்னாரு."

வேலை கிடைத்தது. அம்மா இன்னொரு முறை கற்பூரம் கொளுத்தினாள்.

ஷிப்ட் மாறிவிட்டதால் இப்போது வேறு வேனில் போகிறேன். ஹாரன் அலறும், வண்டி பறக்கும், எப்போதும் 'கேட்டாண்ட'தான். ஆனால் ரோட்டில் நெல்லைப் பார்த்தால் போதும், பின்சீட்டில் உட்கார்ந்தபடியே என் வலது கால் தானாக பிரேக்கைத் தேடி அழுத்துகிறது.