நான் ஆவியான விவரமும் சந்தா பற்றிய என் அபிப்பிராயமும்

அன்புத் தங்கைக்கு, உன் அண்ணன் பெரும் அதிர்ச்சியுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். சுகம் என்று எழுதவே யோசனையாக இருக்கிறது. ஏனென்றால் நான் உயிரோடு இருப்பதாக இந்தக் கட்டிடத்தில் இப்போதைக்கு இரண்டு பேர்தான் உறுதியாகச் சொல்கிறார்கள். அதில் ஒருவன் நான்.

நீ போனில் கேட்டாய் அல்லவா, "அண்ணா, அந்த ஆன்மிக வீடியோ சேவைக்குச் சந்தா கட்டலாமா? இவருக்கு ராத்திரியில தூக்கமே வரமாட்டேங்குது. நீங்க முதல்ல பாத்துட்டுச் சொல்லுங்க" என்று. உன் பேச்சை நம்பி, முதல் மாதம் இலவசம் என்பதால், நானும் சேர்ந்தேன். உள்ளே நுழைந்ததும் இரண்டு கதவு. ஒன்றில் ஆன்மிகம், இன்னொன்றில் அமானுஷ்யம். அதாவது ஆன்மாவுக்குச் சந்தா கட்டினால் ஆவி இலவசம். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதலில் ஆன்மிகக் கதவைத் திறந்தோம். மூச்சுப் பயிற்சி. நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன், குரலைக் கேட்டே ஆளை எடை போடுவேன் என்பது உனக்குத் தெரியும். மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிற அந்த மனிதருக்கே பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கியது. சரி, பாவம் என்று விட்டேன். "மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள்... அப்படியே நிறுத்துங்கள்..." என்றார். உன் அண்ணி நிறுத்தினாள். அந்த நேரம் பார்த்து இணையமும் நின்றுவிட்டது. திரையில் வட்டம் சுற்றுகிறது, அந்த ஆள் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறார், இவள் கண்ணை மூடிக்கொண்டு அவர் அனுமதிக்காகக் காத்திருக்கிறாள். முகம் சிவக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. "விடுடி, விட்டுத் தொலை!" என்று கத்தி முதுகில் ஒரு தட்டுத் தட்டியபிறகுதான் விட்டாள். விட்டதும் என்னைப் பார்த்து, "நல்லா மனசு ஒருநிலைப்பட்டு வந்துது, கெடுத்துட்டீங்க" என்கிறாள். அடுத்து ஒரு அம்மாள், செத்துப்போன வளர்ப்புப் பிராணிகளோடு பேசுகிறவர். ஒரு பூனை மேலுலகத்திலிருந்து தன் எஜமானருக்கு அன்பையும் மன்னிப்பையும் சொல்லி அனுப்பியது. உயிரோடு இருக்கும்போது கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காத ஜாதி அது. செத்ததும் எப்படி இவ்வளவு மரியாதை கற்றுக்கொண்டது என்று நான் கேட்டதற்கு உன் அண்ணி, "நீங்களும் அப்படித்தான் திருந்துவீங்களோ என்னவோ" என்றாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று மனிதனாக நடமாடிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது, "சும்மா என்னதான் காட்டறாங்கன்னு பாப்போமே" என்று உன் அண்ணிதான் அந்த இரண்டாவது கதவைத் திறந்தாள். ஆவி இருக்கும் வீடுகளைத் தேடிப் போகிறவர்களின் நிகழ்ச்சி. தாடிக்காரர் ஒருவர், கையில் மீட்டர்போல எதையோ வைத்திருக்கிற கருவிக்காரர் ஒருவர், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் உணர்கிற பெண் ஒருத்தி. கைவிடப்பட்ட ஒரு கட்டிடத்தின் மாடிப்படியில் மூவரும் மெதுவாக ஏறுகிறார்கள். "இந்தப் படிய எங்கயோ பாத்தமாதிரி இருக்கே" என்றேன். "எல்லாப் படியும் இப்படித்தான் இருக்கும்" என்றாள். அடுத்த திருப்பத்தில் சுவரில் ஒரு விரிசல், அதன் மேல் சிமெண்ட் பூசிய அடையாளம். பூசியவன் நான். அம்மாடி, அது எங்கள் வீட்டு மாடிப்படி! கேமரா இன்னும் இரண்டு படி ஏறி, எங்கள் வாசலில் நான் கழற்றிப் போட்டிருந்த செருப்புக்கு முன்னால் நின்றது. வயலின் அழுதது. "இறந்தவரின் காலணிகள். இன்றுவரை யாரும் தொடத் துணியவில்லை" என்றார் தாடிக்காரர். உன் அண்ணி என் பக்கம் திரும்பினாள். "அதத் தூக்கிப் போடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன். இப்ப ஊரே பாக்குது."

நடந்தது இதுதான். எங்கள் பக்கத்து வீடு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருடையது, ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்தது. போன மாதம் சில பேர் பெட்டி பெட்டியாக உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். கேட்டதற்கு வெள்ளையடிக்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். வெள்ளையடிக்க வந்தவர்கள் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியதைப் பார்த்தும் எனக்கு மண்டையில் உறைக்கவில்லை. பட்டப்பகலில் இருட்டை உண்டாக்கி, அந்த வீட்டுக் குளியலறைச் சுவரில் கருவியை வைத்து ஆவியின் குரலைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் குளியலறை.

இனி எழுதப்போவது உனக்கு மட்டும். மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டாதே. ஓய்வு பெற்றதிலிருந்து நான் குளிக்கும்போது அறிவிப்புச் செய்வது வழக்கம். குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத்தான் செய்வேன், வெளியே கேட்காது என்று நம்பியிருந்தேன். குளியலறையில் குரல் நன்றாக எடுபடும், அவ்வளவுதான் விஷயம். வேறு ஒன்றும் இல்லை.

திரையில் கருவி முதலில் கரகரத்தது. பிறகு என் குரல்! தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி, "...கவனத்திற்கு... வந்து சேரும்..." அந்தப் பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "யாரோ வந்து சேரணும்னு காத்திட்டிருக்கார்!" தாடிக்காரர் சுவரைப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு என்ன வருத்தம்?" என்றார். சுவர், "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்றது. கருவிக்காரர் இரண்டடி பின்னால் குதித்தார். "வருந்துகிறோம்னு சொல்றார்! பன்மை! ஒருத்தர் இல்ல, நிறைய பேர் இருக்காங்க!" தாடிக்காரர் விடவில்லை. "நீங்க இங்கேருந்து போக ஆசைப்படறீங்களா?" சுவர் கொஞ்சம் யோசித்து, "ரத்து செய்யப்பட்டுள்ளது" என்றது. தங்கையே, முப்பது மைல் தூரத்துக்குப் போகும் ஒரு பாசஞ்சர் வண்டியைத்தான் நான் அன்றைக்கு ரத்து செய்தேன். என் மோட்சத்தை அல்ல.

ஆனால் இதையெல்லாம் சிரித்துத் தள்ளியிருப்பேன். கடைசியில் அந்தப் பெண் கண்ணைத் திறந்து, கேமராவைப் பார்த்து மெதுவாக ஒன்று சொன்னாள். "இவருக்குத் தன்னோட காலம் முடிஞ்சுபோச்சுன்னு இன்னும் புரியல. பழைய வேலையவே செஞ்சுகிட்டிருக்கார். கூட இருக்கிறவங்களுக்குத் தெரியும். சொன்னா மனசு உடைஞ்சிடுவாரேன்னு சொல்லாம இருக்காங்க."

உன் அண்ணி டிவியை நிறுத்தினாள். என் பக்கம் திரும்பாமலே, "டீ போடவா?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்ங்க. முதல் நாள்லேருந்தே தெரியும்."

"குழாயத் திறந்து விட்டிருந்தேனே?"

"அடுப்பக் குறைச்சு வச்சா நல்லாவே கேக்கும். நீங்க ஆரம்பிச்சதும் குறைச்சிடுவேன்." எழுந்து அடுப்படிப் பக்கம் போய்க்கொண்டே, "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஏன் எப்பப் பாத்தாலும் எங்கம்மா ஊருக்குப் போற வண்டிய மட்டும் ரத்து பண்றீங்க?" என்றாள்.

அப்படிச் செய்கிறேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும், சத்தியமாக.

மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். "என்னைச் செத்தவன்னு சொல்லியிருக்கான் சார்!" என்றேன். "உங்க முகத்தக் காட்டலையே சார்" என்றார். "செருப்பக் காட்டினானே!" என்றேன். "செருப்ப வச்சு யாரு சார் அடையாளம் கண்டுபிடிக்கப் போறா? ஒரு பவர் செக் பண்ணிடலாமா, வந்ததுதான் வந்தீங்க?" என்று என் மூக்கில் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார். அவருக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். காலி வீடு சும்மா கிடந்தது போய், நாள் வாடகைக்கு ஆட்கள் போட்டி போடுகிறார்களாம். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "குளிக்கற நேரத்த மட்டும் மாத்திடாதீங்க சார்" என்றார்.

சரி, சேவைக்காரர்களிடமே கேட்டுவிடுவோம் என்று போன் போட்டேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று பதிவு செய்த குரல் ஒன்று பாடிக்கொண்டே இருந்தது. உயிரில்லாத குரல், 'முக்கியமானது' என்ற இடத்தில் நிறுத்தக்கூடத் தெரியவில்லை. கடைசியில் ஒரு பெண் வந்தாள். "நீங்க அந்த வீட்டுக்கு என்ன வேணும் சார்?" என்றாள். "ஆவி வேணும்மா. நான்தாம்மா அந்த ஆவி" என்றேன். எதிர்முனையில் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம். பிறகு பணிவாக, "இறந்தவங்க சார்பா குடும்பத்துல யாராவது பேசினாத்தான் சார் புகார எடுத்துக்க முடியும்" என்றாள். உன் அண்ணியிடம் போனைக் கொடுத்தேன். இவள் வாங்கி, "ஆமாம்மா, நல்ல மனுஷர்தான்" என்கிறாள்! எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்லு.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் சொல்லி மாளாது. குழாய் ரிப்பேருக்கு வந்தவர் வாசல் செருப்பைப் பார்த்துவிட்டுக் கீழேயே நின்றுகொண்டு, எது கசிகிறது என்று மேலே நோக்கிக் கத்திக் கேட்கிறார். பக்கத்து வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்த புதுத் தம்பதியிடம், பாவம், படியில் ஒதுங்கி வழிவிட்டு, "பாத்து வாங்க" என்றேன். என் குரலைக் கேட்டு அந்தப் பெண் கணவனை விட்டுவிட்டு ஓடினாள். கணவன் அவளுக்கு முன்னால் ஓடினான். அப்புறம் கேள்வி கேட்கிற கூட்டம். கடைக்காரரிடம் சாவி வாங்கிக்கொண்டு வந்து, சுவரைப் பார்த்து வேலை கிடைக்குமா, வழக்கு ஜெயிக்குமா என்று கேட்கிறார்கள். நான் சோப்பும் கையுமாக இந்தப் பக்கம் மூச்சுவிடாமல் நிற்கிறேன். குளிக்கக்கூட சுதந்திரம் இல்லாமல் போயிற்று. நானும் அறிவிப்புச் செய்வதை நிறுத்திவிட்டேன். உன் அண்ணி அடுப்பைக் குறைக்கவே இல்லை. வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

போன வியாழக்கிழமை காலையில் ஒரு அம்மாள் வந்தார். குரலில் நல்ல தெளிவு, ஆனால் அடிக்கடி உடைந்தது. "ஐயா, என் பையன் என்னோட சண்டை போட்டுக்கிட்டுப் போனான். போனும் எடுக்க மாட்டேங்கறான். திரும்பி வருவானா? அத மட்டும் சொல்லுங்க" என்றார். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பேசாமல் நின்றேன். அந்த அம்மாளும் நின்றார். போய்விட்டார் என்று நினைத்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். நான் எத்தனையோ ஆயிரம் பேரைக் காக்க வைத்தவன், காத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தையாவது சொல்லாமல் ஒருநாளும் இருந்ததில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு, தொண்டையைச் செருமி, "தாமதமாக வந்து சேரும். தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் சுவரைத் தொட்டுக் கும்பிட்டாரோ என்னவோ, வளையல் உரசும் சத்தம் கேட்டது. "போதும் ஐயா, இது போதும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

தங்கையே, இந்த மாதத்தில் நான் பட்ட அதிர்ச்சிகளிலேயே பெரியது இதுதான். மூச்சுக்காரரையும் பூனை அம்மாளையும் வாய்க்கு வந்தபடி திட்டியவன் நான். அவர்கள் செய்கிற அதே காரியத்தைப் பற்பசை நுரையோடு நானே செய்துவிட்டேன். அந்தப் பையன் வருவானா என்று எனக்கு என்ன தெரியும்? அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. உன் அண்ணிதான், "வரமாட்டான்னு சொல்லியிருந்தா மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சதாகிடுமா? சாப்பிடுங்க" என்றாள். அவள் சொல்வதில் ஏதோ நியாயம் இருக்கிறது. ஆனாலும் பல் துலக்கும்போதெல்லாம் அந்தச் சுவரில் காதை வைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே நீ கேட்டதற்கு என் தீர்ப்பு. ஆன்மிகப் பக்கத்தில் ஆளைத் தூங்கவைக்கும் சரக்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மாப்பிள்ளை தூங்குவதற்கு நம் சித்தப்பா பேச ஆரம்பித்தாலே போதும், சந்தா வேண்டாம். அமானுஷ்யப் பக்கம் முழுக்கப் பொய், பித்தலாட்டம். நான் உள்ளே இருந்து பார்த்தவன், சுவருக்கு அந்தப் பக்கத்துச் சாட்சி. என் பேச்சைக் கேள். ஒரு நாளைக்குக்கூட அதில் சேராதே. சேர்ந்திருந்தால் இந்தக் கடிதம் கண்டவுடன் விலகிவிடு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, கண்டதையும் பார்க்காமல், நீண்ட ஆயுளோடு வாழ என் ஆசீர்வாதம். நான் உயிரோடு இருக்கும்போதே தருகிற ஆசீர்வாதம் என்பதை அழுத்தமாகச் சொல்லி வை.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் உன் அண்ணன்

பின்குறிப்பு: நேற்று உறையை ஒட்டப்போகும் சமயத்தில் தாடிக்காரர் நேரில் வந்தார். நான் கதவைத் திறந்ததும் கொஞ்சம் ஆடிப்போய்விட்டார், பிறகு மன்னிப்புக் கேட்டார். நேரில் நல்ல மனிதர். பார்ப்பவர்கள் எல்லாரும் அந்தக் குரலைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களாம், இப்படி ஒரு குரலை இந்தத் துறையில் யாரும் கேட்டதில்லையாம். இரண்டாம் பகுதிக்கு வருவீர்களா என்றார். மூஞ்சியில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் உன் அண்ணி உள்ளேயிருந்து, "எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டுவிட்டாள். அவளும் வருகிறாள், என்னைத் தேடி அலைகிற ஆவியாக. நேற்றிலிருந்து ஒத்திகை, குளியலறைக்கு வெளியே நின்று, "என்னங்க, எங்க இருக்கீங்க" என்று கூப்பிடுகிறாள், எனக்கே உடம்பு புல்லரிக்கிறது. ஆகையால் நீ ஒரு வருஷத்துக்கே சந்தா கட்டிவிடு, சொந்தக்காரர்களிடமும் சொல். மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பார். நான் செத்துப்போனதாகச் சொல்லும் இடத்தில் மட்டும் அழாதே, அதற்கு நான் சம்மதித்துவிட்டேன்.